குளியலறை வடிகால்: மேலே தேங்கக் கூடாது, உள்ளே வற்றக் கூடாது

குளிக்கும்போது காலடியில் தண்ணீர் தேங்குகிறதா? குளித்து முடித்துக் கால் மணி நேரம் ஆன பிறகும் தரை ஈரமாகவே இருக்கிறதா? குளியலறைக் கதவைத் திறந்தவுடன் சாக்கடை வாடை வீசுகிறதா?

இவற்றுள் ஏதேனும் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், தரையில் உள்ள வடிகாலை இன்றே கவனிக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் சோப்பும் எண்ணெயும் கலந்திருக்கும். அதில் கால் வைத்தால் வழுக்கும். வயதான காலத்தில் ஒரு முறை விழுந்தாலே இடுப்பு எலும்பு முறிந்து, பல மாதங்கள் படுக்கையில் இருக்க நேரிடலாம். வடிகால் அடைப்பு குழாய்ப் பிரச்சினை மட்டுமல்ல. அது உங்கள் உடல்நலப் பிரச்சினையும்கூட.

பெரும்பாலான அடைப்புகள் துளையின் வாய்ப்பகுதியிலேயே இருக்கும். ரசாயனம் எதுவும் இல்லாமல், பாதுகாப்பாக வீட்டிலேயே அவற்றை நீக்கலாம். எப்படிச் செய்வது, எந்த இடத்தில் நிறுத்திவிட்டு உதவி கேட்பது என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

வடிகாலுக்குள் என்ன இருக்கிறது?

குளியலறைத் தரையில் நீங்கள் பார்ப்பது துளைகள் உள்ள ஒரு சல்லடை மூடி. பல வீடுகளில் அதன் கீழே கிண்ணம் போன்ற கொசுத் தடுப்பு மூடி இருக்கும். அதற்கும் கீழே குழாய் வளைந்து செல்கிறது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதன் ஆழம் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர், அதாவது மூன்று விரல் அகலம்.

அந்தத் தண்ணீர் தற்செயலாக நிற்பதன்று. அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லா மாடிகளின் கழிவுநீரும் ஒரே நெடுங்குழாய் வழியாக இறங்குகிறது. அந்தக் குழாயிலுள்ள கெட்ட காற்றும் கிருமிகளும் கரப்பான் பூச்சிகளும் உங்கள் வீட்டுக்குள் வராமல் தடுப்பது வளைவில் நிற்கும் அந்தத் தண்ணீர்தான். ஆகவே தரைமேல் தண்ணீர் தேங்கக் கூடாது, வளைவுக்குள் தண்ணீர் வற்றக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் வடிகால் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

அந்தத் தண்ணீர் வற்றினால் என்ன ஆகும்?

சைனாடவுனில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு இந்த வட்டாரத்தின் பழைய நிலை நினைவிருக்கும். கிரேத்தா ஆயர் என்ற மலாய்ப் பெயருக்குத் தண்ணீர் வண்டி என்று பொருள். ஒரு காலத்தில் மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்த இடம் இது. கழிவை வாளியில் சுமந்து அகற்றும் முறை சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டில்தான் முற்றிலும் முடிவுக்கு வந்தது. இன்று ஸ்மித் ஸ்திரீட், பண்டா ஸ்திரீட், ஜாலான் குக்கோ புளோக்குகளில் எல்லாம் குழாய் வழியாகவே போய்விடுகிறது. கழிவு நம் கண்ணில் படுவதில்லை. அதனால் அந்தக் குழாய்க்கும் நமக்கும் இடையில் நிற்பது சிறிதளவு தண்ணீர்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

அதை மறந்தால் என்ன நடக்கும் என்பதை 2003ஆம் ஆண்டு உலகம் பார்த்தது. சார்ஸ் நோய் பரவிய அந்த மார்ச் மாதம், ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு நோய் தொற்றியது. அங்குள்ளவர்கள் குளியலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், ஈரத் துணியால் துடைத்துவந்தனர். அதனால் பல வீடுகளில் தரை வடிகாலின் வளைவு வறண்டுபோயிருந்தது. குளியலறையின் காற்று வெளியேற்றும் விசிறியைப் போட்டபோது, நெடுங்குழாயிலிருந்த கிருமி கலந்த நீர்த்துளிகள் வறண்ட வடிகால் வழியாக வீட்டுக்குள் இழுக்கப்பட்டன என்று விசாரணை அதிகாரிகள் கண்டறிந்தனர். ஒரு வாளித் தண்ணீர் அந்த வழியை அடைத்திருக்கும்.

மற்றோர் ஆபத்து கொசு. சுத்தமான, அசையாத தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரத்திலேயே முட்டை கொசுவாகிவிடலாம். அதிகம் பயன்படுத்தாத குளியலறையின் வடிகாலும் அதற்குப் போதும். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கிக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். ஆகவே வடிகாலில் தண்ணீர் இருக்க வேண்டும், அதன்மேல் கொசுத் தடுப்பு மூடியும் இருக்க வேண்டும்.

வடிகாலை அடைப்பது எது?

முதற்காரணம் தலைமுடி. முடி மட்டும் இருந்தால் ஓரளவு ஓடிவிடும். அதனுடன் எண்ணெயும் சோப்பும் சேரும்போதுதான் கயிறுபோலத் திரண்டு குழாயில் ஒட்டிக்கொள்கிறது. நம் வீடுகளில் வெள்ளி, சனிக்கிழமைகளில் எண்ணெய்க் குளியல் உண்டு. நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், கடலை மாவு, மஞ்சள் எல்லாம் ஒரே துளை வழியாகப் போகின்றன. எண்ணெய் குழாயின் உட்சுவரில் படியும். சீயக்காய்த் தூள் அதில் ஒட்டும். முடி அதைக் கட்டிப்போடும். தீபாவளிக்கு வீட்டில் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு வடிகால் அடைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

சாமி படத்திலிருந்து எடுத்த பூவிதழ்கள், தரை துடைத்த அழுக்குத் தண்ணீரில் உள்ள மண், உடைந்த சோப்புத் துண்டுகள் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும்.

தொடங்குவதற்கு முன்

• வீட்டில் வேறொருவர் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். தனியாக வசிப்பவர் என்றால் அண்டைவீட்டாரிடம் சொல்லிவைத்து, கைப்பேசியை எட்டும் இடத்தில் வையுங்கள். கதவைத் தாழிட வேண்டாம்.
• வழுக்காத செருப்பு, ரப்பர் கையுறை, மூக்குக் கண்ணாடி ஆகியவற்றை அணிந்துகொள்ளுங்கள்.
• குந்தி உட்கார வேண்டாம். அசையாத, உயரம் குறைந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, குனிந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலைசுற்றல் வரலாம். கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழுந்திருங்கள்.
• கையிலோ காலிலோ புண் இருந்தால் கழிவுநீரைத் தொடாதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் காயம் பட்டாலும் உணர்ச்சி தெரியாமல் போகலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சிறு கீறலும் நெடுநேரம் கசியலாம். இத்தகையவர்கள் பிள்ளைகளிடமோ பராமரிப்பாளரிடமோ இந்த வேலையை விட்டுவிடுவது நல்லது.
• தேங்கிய தண்ணீரை ஒரு குவளையால் மொண்டு வாளியில் ஊற்றிக் கழிவறைத் தொட்டியில் கொட்டுங்கள். கழிவறைத் தொட்டியும் அடைத்திருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு, கீழே உள்ள "எப்போது உதவி கேட்க வேண்டும்?" என்ற பகுதியைப் பாருங்கள்.

அடைப்பை நீக்கும் முறை

1. சல்லடை மூடியைத் தூக்குங்கள். திருகாணி இருந்தால் கழற்றுங்கள். கழற்றிய திருகாணியை ஒரு கிண்ணத்தில் போட்டுவையுங்கள். உள்ளே கொசுத் தடுப்பு மூடி இருந்தால் அதையும் வெளியே எடுங்கள். அடைப்பு பெரும்பாலும் இந்த இரண்டிலேயே இருக்கும். பழைய பல்துலக்கியும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு நன்றாகத் தேயுங்கள்.

2. முடியை இழுத்து எடுங்கள். கையுறை போட்ட விரலால் எட்டும் வரை எடுக்கலாம். அதற்குக் கீழே உள்ளதை எடுக்க, ஓரங்களில் பற்கள் கொண்ட நீண்ட பிளாஸ்டிக் பட்டை கடைகளில் கிடைக்கும். அதை மெதுவாக உள்ளே விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, மெல்ல வெளியே இழுங்கள். எடுத்த முடியைப் பழைய செய்தித்தாளில் மடித்துக் குப்பையில் போடுங்கள். கழிவறைத் தொட்டியில் போட்டால் அடைப்பு இடம் மாறுமே தவிர நீங்காது.

இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம். உங்கள் குளியலறைக் குழாய் கீழ்வீட்டுக் கூரைக்கு மேலே செல்கிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் கீழ்வீட்டில் ஒழுகும்.

3. எண்ணெய்ப் பிசுக்கைக் கரையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைத் துளையில் ஊற்றுங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டில் அரை வாளி வெந்நீரை மெதுவாக ஊற்றுங்கள். 15 நிமிடம் விட்டு, ஒரு வாளி சாதாரணத் தண்ணீரை ஊற்றுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். அது பிளாஸ்டிக் குழாயின் இணைப்பை இளக்கிவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, ஈரத் தரையில் கொதிநீரைத் தூக்கிக்கொண்டு நடப்பது.

4. ரப்பர் பிளஞ்சரைப் பயன்படுத்துங்கள். துளையை மூடும் அளவுக்குத் தரையில் தண்ணீர் இருக்கட்டும். ரப்பர் குவளையைத் துளைமேல் நேராக வைத்து 10 முதல் 15 தடவை அழுத்தி இழுங்கள். அழுத்துவதைப் போலவே இழுப்பதும் முக்கியம். அடைப்பை அசைப்பது அதுதான். முகம் கழுவும் தொட்டியின் குழாய் இதே வடிகாலில் சேர்ந்தால், தொட்டியின் துளையை ஈரத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காற்று அந்த வழியாக வெளியேறிவிடும்.

வடிகாலில் ஏற்கெனவே ரசாயனத் தூள் போட்டிருந்தால் பிளஞ்சரைப் பயன்படுத்தக் கூடாது. அது முகத்தில் தெறிக்கும்.

5. சோதித்துப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். தேங்காமல் சீராக இறங்கினால் அடைப்பு நீங்கிவிட்டது. வளைவிலும் புதுத் தண்ணீர் நிறைந்துவிடும். மூடிகளை மீண்டும் பொருத்துங்கள். தரையைத் துடைத்து உலர்த்துங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டு தடவை முயன்றும் தண்ணீர் இறங்கவில்லையென்றால் அத்துடன் நிறுத்துங்கள். மூன்றாவது தடவை முயலும்போது உடல் களைத்திருக்கும். விழுவதும் அப்போதுதான்.

சமையல் சோடாவும் வினிகரும் உதவுமா?

இரண்டையும் கலந்தால் நுரை பொங்கும். வாடை சற்றுக் குறையலாம். ஆனால் நுரையால் முடியை வெளியே இழுக்க முடியாது. முடியைக் கையால் எடுத்த பிறகு செய்தால் கெடுதல் இல்லை. வினிகரைப் பிளீச்சுடன் மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

ரசாயனத் தூளை ஏன் தவிர்க்க வேண்டும்?

கடைகளில் விற்கும் பல அடைப்பு நீக்கும் தூள்களில் காஸ்டிக் சோடா இருக்கிறது. தண்ணீர் பட்டவுடன் அது கடுமையாகச் சூடாகும். தோலை எரிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வயதானவர்களின் தோல் மெல்லியது என்பதால் புண் ஆழமாக ஏற்படும், ஆறவும் நாளாகும். அடைப்பு நீங்காவிட்டால் அந்தத் தூள் குழாயிலேயே தங்கி, அடுத்து வந்து திறப்பவர்மீது தெறிக்கும்.

இரண்டு திரவங்களைக் கலப்பது இன்னும் ஆபத்தானது. பிளீச்சுடன் ஓடு கழுவும் அமிலத்தைச் சேர்த்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். பிளீச்சுடன் அமோனியா உள்ள திரவத்தைச் சேர்த்தாலும் நச்சு வாயு உண்டாகும். குளியலறை சிறிய இடம். சில நொடிகளிலேயே மூச்சுத் திணறலாம். ஆஸ்துமா, நுரையீரல் நோய், இருதய நோய் உள்ளவர்களுக்கு உயிராபத்து.

தவறுதலாக ஏதேனும் நேர்ந்துவிட்டால்:

• தோலில் பட்டால்: ரசாயனம் பட்ட உடையைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். எண்ணெயோ பற்பசையோ தடவ வேண்டாம்.
• கண்ணில் பட்டால்: இமையைத் திறந்து பிடித்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனையின் அவசரசிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.
• காட்டமான வாடை வந்தால்: எதையும் சுத்தம் செய்துகொண்டு நிற்காமல் உடனே வெளியேறுங்கள். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் 995ஐ அழையுங்கள்.
• விழுங்கிவிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 995ஐ அழையுங்கள்.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

எல்லா அடைப்பும் உங்கள் வீட்டுக்குள் ஏற்பட்டதாக இருக்காது. பின்வரும் அறிகுறிகளைப் பாருங்கள்:

• தரை வடிகால், கழிவறைத் தொட்டி, சமையலறை ஆகியவற்றில் ஒன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் அடைத்துக்கொள்வது.
• நீங்கள் தண்ணீர் பயன்படுத்தாதபோதும் துளையிலிருந்து அழுக்குத் தண்ணீர் மேலே வருவது.
• மேல்வீட்டில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்போது உங்கள் வடிகாலில் தண்ணீர் உயர்வது.

இவை இருந்தால் அடைப்பு புளோக்கின் பொதுக் குழாயில் இருக்கக்கூடும். வீட்டில் தண்ணீர் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அழுக்குத் தண்ணீரில் நடக்காதீர்கள். உங்கள் வட்டார நகர மன்றத்தை அழையுங்கள். அதன் எண் உங்கள் புளோக்கின் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் இருக்கும். இந்தப் பக்கத்தின் ஓரத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். வீவக வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீவக கிளை அலுவலகத்திடமும் கேட்கலாம். சாலையில் உள்ள கழிவுநீர்த் தொட்டியிலிருந்து தண்ணீர் பொங்கி வழிந்தால் பொதுப் பயனீட்டுக் கழகத்தை 1800-225-5782 என்ற எண்ணில் அழையுங்கள்.

அடைப்பு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து, உங்களால் நீக்க முடியாவிட்டால், உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழையுங்கள். அவர் வருவதற்கு முன்பே, வந்து பார்ப்பதற்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று கேட்டு, கைப்பேசியில் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். வந்த பிறகு, குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாமல் பிள்ளைகளிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ கலந்து பேசுங்கள். வடிகாலில் ஏதேனும் ரசாயனம் ஊற்றியிருந்தால் அதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உதவி கேட்பதற்குத் தயங்க வேண்டாம். இத்தனை வயதில் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அடைப்பைப் பற்றி இன்று ஒரு வார்த்தை சொல்வது, நாளை விழுந்து மருத்துவமனையில் கிடப்பதைவிட எல்லோருக்கும் எளிது.

வாரத்திற்கு ஒரு முறை ஐந்து நிமிடம்

• சல்லடைமேல் படிந்துள்ள முடியை எடுத்துக் குப்பையில் போடுங்கள். முடி பிடிக்கும் சிறு வலையைத் துளைமேல் வைத்தால் வேலை இன்னும் குறையும்.
• எண்ணெய்க் குளியலுக்கு முன் குளியலறைக்கு வெளியே தலை வாரி, உதிரும் முடியை எடுத்துவிடுங்கள். அதிகப்படியான எண்ணெயைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். சீயக்காய்த் தூளைச் சலித்துப் பயன்படுத்துங்கள். குளித்து முடித்த பிறகு ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள்.
• பூ, பிரசாதத் துணுக்குகளை வடிகாலில் விடாதீர்கள்.
• ஈரத் துடைதாள், பெரியவர்களுக்கான டயப்பர், பஞ்சு ஆகியவற்றைக் கழிவறைத் தொட்டியில் போடாதீர்கள். அவை தண்ணீரில் கரையாது. புளோக்கின் பொதுக் குழாயையும் அடைத்துவிடும்.
• தரையை ஈரத் துணியால் மட்டும் துடைக்கும் பழக்கம் இருந்தால், வாரம் ஒரு முறையாவது வடிகாலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அதிகம் பயன்படுத்தாத இரண்டாவது குளியலறைக்கும் இது பொருந்தும்.

ஊருக்குப் போகிறீர்களா?

ஒரு மாதம், இரண்டு மாதம் ஊரில் தங்கிவிட்டு வந்து கதவைத் திறந்ததும் வாடை வீசினால், வடிகாலின் வளைவு வறண்டுவிட்டது என்று பொருள். அடைப்பு இல்லை. சன்னலைத் திறந்து, எல்லா வடிகால்களிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். போவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றி, கொசுத் தடுப்பு மூடியைச் சரியாகப் பொருத்தி, கழிவறைத் தொட்டியையும் மூடிவிடுங்கள். நெடுநாள் தங்குவதாக இருந்தால், வீட்டுச் சாவி வைத்திருப்பவரிடம் இரண்டு வாரத்திற்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

தரை வழுக்குகிறதா?

அடைப்பை நீக்கிய பிறகும் ஓடு வழுக்கினால், வீவகவின் ஈஸ் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். தகுதிபெறும் மூத்தோர் உள்ள வீடுகளில் குளியலறை ஓடுகள் வழுக்காமல் இருக்கப் பூச்சு பூசுவதற்கும், கைப்பிடிகள் பொருத்துவதற்கும் அரசாங்கம் செலவில் பெரும்பகுதியை ஏற்கிறது. விண்ணப்பிக்க உதவி வேண்டுமென்றால் அருகிலுள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் கேட்கலாம்.

நினைவில் கொள்ளுங்கள்

• முதலில் மூடியைத் தூக்கி முடியை எடுங்கள்.
• கை பொறுக்கும் வெந்நீர் போதும், கொதிநீர் வேண்டாம்.
• ரசாயனத் தூள் வேண்டாம். எதையும் எதனுடனும் கலக்க வேண்டாம்.
• இரண்டு தடவை முயன்றும் முடியாவிட்டால் நிறுத்தி, உதவி கேளுங்கள்.
• வாரம் ஒரு முறை ஒரு வாளித் தண்ணீர்.

இந்தப் பக்கத்தைக் குளியலறைக் கதவின் வெளிப்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வீட்டில் பணிப்பெண்ணோ பராமரிப்பாளரோ இருந்தால் அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.